சம்புக்குள் கத்துற குருவி

ராமநாதபுரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையேறி நின்றால், கண்ணில் முதலில் படுவது நாரையும் கூழைக்கடாவும்தான். பெரிய உருவம், வெள்ளை நிறம், படம் எடுக்க வருபவர்களுக்கு ஏற்ற நிதானம். காதில் முதலில் விழுவது வேறு. மடைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் சம்பு என்ற நாணல் வகைக்குள்ளிருந்து ‘கர்ர, கர்ர, கரீட், கரீட்’ என்று துருப்பிடித்த இரும்புக் கதவைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம். நின்று பார்த்தால் சம்புத் தாள் ஆடும். குருவி தெரியாது.

ஒரு மார்கழிக் காலையில், மறுகால் போய்க்கொண்டிருந்த கண்மாய் ஒன்றில், நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் ஒருவரிடம் அந்தச் சத்தத்தைக் காட்டிக் கேட்டேன்.

“அதா? சம்புக்குள்ள கெடந்து கத்துற குருவி, தம்பி. வெளியே வராது. வந்தாலும் உங்களுக்குத் தெரியாது, மண்ணு கலர்ல இருக்கும்.”

“அதுக்குப் பேரு என்னய்யா?”

“பேரா? குருவிதான்.”

இந்தப் பதிலில் ஒரு தப்பும் இல்லை. சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை அறிவியலும் ஏறத்தாழ இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது, என்ன, லத்தீனில் சொன்னது.

பறவை நூல்களின் தமிழில் இது நாணல் கதிர்க்குருவி வகையைச் சேர்ந்தது; இரைச்சல் நாணல் கதிர்க்குருவி என்று சொல்லலாம். அறிவியல் பெயர் அக்ரோசெபாலஸ் ஸ்டென்டோரியஸ். கிரேக்கக் கதையில் ட்ராய் போரின்போது ஐம்பது பேர் குரலை ஒரே தொண்டையில் வைத்திருந்த ஸ்டென்டோர் என்ற அறிவிப்பாளன் வருவான். அவன் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். எகிப்தில் கிடைத்த பறவையை வைத்து ஹெம்ப்ரிச், ஏரன்பெர்க் என்ற இரண்டு ஜெர்மானியர் பெயரில் 1833இல் பதிவானது. ஆறு ஆண்டு கழித்து, சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், திருச்சிராப்பள்ளிக்கு அருகில் கிடைத்த பறவையை வைத்து புரூனசென்ஸ் என்று இன்னொரு பெயர் கொடுத்தார். பழுப்பேறியது என்று பொருள். அவர் அதைப் புது இனமாகவே கருதினார். பிற்பாடு வந்தவர்கள் எகிப்துப் பறவையும் திருச்சிப் பறவையும் ஒரே இனம் என்று முடிவுசெய்து, ஜெர்டன் வைத்த பெயரைத் துணையினப் பெயராக இறக்கிவிட்டார்கள். ஆகக் கண்மாயில் கத்தும் இந்தக் குருவியின் முழுப் பெயரில் எகிப்து, கிரேக்கம், திருச்சி மூன்றும் இருக்கின்றன.

நீளம் 18 முதல் 20 சென்டிமீட்டர். கொண்டைக்குருவியின் நீளம்தான், ஆனால் ஒல்லி. மேலே மங்கிய பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிறிய ஒரு கீற்று, நீளமான அலகு. இவ்வளவுதான் அடையாளம். கத்தும்போது மட்டும் தொண்டை இறகு சிலிர்த்து நிற்கும். ஒரே தாளைப் பக்கவாட்டில் பற்றிக்கொண்டு மேலே ஏறும், வழுக்கி இறங்கும், அடுத்த தாளுக்குத் தாவும். தண்ணீருக்கு மேலே, நாலைந்து சம்புத் தாள்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றுக்கு நடுவில் கிண்ணம் போலக் கூடு நெய்யும். காற்றில் தாள் சாய்ந்தாலும் முட்டை உருண்டு விழாத அளவுக்குக் கிண்ணம் ஆழமாக இருக்கும். இந்தக் கூட்டை மரத்திலும் புதரிலும் வைப்பது கஷ்டம். செங்குத்தாக, நெருக்கமாக, தண்ணீரில் கால் நனைத்து நிற்கிற தண்டு வேண்டும். கஷ்மீரின் ஏரிகளில் நாணலுக்குள் இவை கோடையில் கூடு கட்டுகின்றன. சமவெளியில் சில இடங்களில் ஆண்டு முழுக்க இருக்கும், சில இடங்களுக்குக் குளிர்காலத்தில் வந்து போகும்.

குளிர்காலத்தில் இதோடு சேர்ந்து சின்னத் தம்பிகளும் வந்துவிடுகின்றன. பிளைத் நாணல் கதிர்க்குருவி முக்கியமானது. கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத் 1849இல் பெயரிட்டது. பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை. பின்லாந்திலிருந்து சைபீரியா வரை கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்டு செப்டம்பரிலிருந்து இந்தியாவுக்கு இறங்கும். ராமநாதபுரம் பக்கம் ஐப்பசி மழைக்குப் பிறகு எந்த வேலிப் புதரைக் கடந்தாலும் ‘டக்... டக்...’ என்று நாக்கைத் தட்டுவது போல ஒரு ஒலி கேட்குமே, அது பெரும்பாலும் இதுதான். பெயரில் நாணல் இருந்தாலும் நாணலைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை. கருவேலப் புதர், மாந்தோப்பு, கொல்லைப்புற முருங்கை எல்லாம் இதற்குச் சரிதான். வயல் கதிர்க்குருவி என்று இன்னொன்று. அதையும் ஜெர்டன்தான், நெல்லூர்ப் பக்கத்துப் பறவையை வைத்து 1845இல் அக்ரிகோலா, அதாவது உழவன், என்று பெயரிட்டார். இந்த மூன்றும் ஒரே பேரினம்.

அவற்றின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஊர் ராமேசுவரத்துக்குப் பக்கம் என்பதால். 1832இல் தக்காணப் பறவைகளுக்குப் பட்டியல் போட்ட சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி, ஒரு சாம்பல் பழுப்புக் குருவிக்கு சில்வியா ராமா என்று பெயர் வைத்தார். நம்ம ராமன் பெயர்தான். அந்தக் குருவி பிறகு ஹிப்போலைஸ் பேரினத்துக்குப் போனது. இன்னொரு குருவியின் துணையினமாக அடங்கிக் கிடந்தது. கொஞ்ச காலம் அக்ரோசெபாலஸில் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. இப்போது இடுனா என்ற பேரினத்தில் தனி இனமாக இருக்கிறது. இத்தனை வீடு மாறியும் ராமா என்ற கடைசிப் பெயர் மட்டும் மாறவில்லை. எந்தப் பேரினத்துக்கு மாற்றினாலும் முதலில் வைத்த இனப்பெயர் கூடவே வர வேண்டும் என்பது விலங்குப் பெயரிடலின் விதி.

ஏன் இத்தனை குழப்பம்? காரணம் நிறம் என்று சொல்லிவிடலாம், பாதி உண்மை. புல்லுக்குள்ளும் நாணலுக்குள்ளும் வாழும் சின்னக் குருவிக்குப் பழுப்பு நிறம் வசதி. மெல்லிய அலகு பூச்சி பிடிக்க வசதி. குட்டை இறக்கை நெருக்கமான இடத்தில் தாவ வசதி. வெவ்வேறு வழியில் வந்த குருவிகள் ஒரே மாதிரி இடத்தில் வாழ்ந்து ஒரே மாதிரி ஆகிவிட்டன. மியூசியத்தில் தோலை வரிசையாக அடுக்கிப் பார்த்தவர்கள் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டார்கள். சில்விடே என்று அந்தக் கூடைக்குப் பெயர். 1970களில் இந்தியப் பறவையியலில் புழங்கிய வகைப்பாட்டில் கூடை இன்னும் பெரிது: பூச்சிபிடிப்பான், தவிட்டுக்குருவி, கதிர்க்குருவி, பூங்குருவி எல்லாம் மஸ்கிகாபிடே என்ற ஒரே குடும்பத்தின் கிளைகள். பாவம், வேறு வழியும் அவர்களுக்கு இல்லை.

டிஎன்ஏ வந்த பிறகு கூடை உடைந்தது. 2006இல் அல்ஸ்ட்ரோமும் அவருடைய ஸ்வீடன் நாட்டுக் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, சில்விடே என்ற பழைய குடும்பம் ஒரே மூதாதையின் வாரிசுகள் கிடையாது என்று காட்டி, அதைப் பல குடும்பங்களாகப் பிரிக்கச் சொன்னது. நாணல் கதிர்க்குருவிகள் அக்ரோசெபாலிடே ஆயின. இன்று சுமார் 60 இனங்கள் அதில் இருக்கின்றன. நம் வீட்டுத் தோட்டத்துச் சாம்பல் கதிர்க்குருவியும் தையல்சிட்டும் சிஸ்டிகோலிடே. இலைக்கிடையில் துள்ளும் இலைக் கதிர்க்குருவிகள் பில்லோஸ்கோபிடே. மிச்சமிருந்த அசல் சில்வியாக்களோ தவிட்டுக்குருவிகளுக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. தமிழில் ‘கதிர்க்குருவி’ என்று நாம் ஒரே வாயில் சொல்வது இப்போது குறைந்தது மூன்று குடும்பங்களுக்குப் பொது. பெயரை மாற்றச் சொல்லிச் சிலர் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாட்டுப் பெயர் பிழைப்பைச் சொல்கிறது, குடும்பப் பெயர் பிறப்பைச் சொல்கிறது. ஒன்று இன்னொன்றுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை.

சரி, இந்தப் பிரிப்பும் சேர்ப்பும் அருங்காட்சியகத்துக்குள் நடக்கிற விவகாரம்தானே, கண்மாய்க் குருவிக்கு என்ன என்று கேட்கலாம். குருவியைக் காப்பாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவுசெய்யும் பட்டியல் இனம் இனமாகத்தான் எழுதப்படுகிறது. எதை ஓர் இனம் என்று எண்ணுகிறோமோ அதற்கு மட்டும்தான் அங்கே ஒரு வரி கிடைக்கும்.

இதற்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1867 நவம்பரில், இன்றைய இமாசலப் பிரதேசத்தின் சட்லெஜ் பள்ளத்தாக்கில், ஆலன் ஆக்டேவியன் ஹியூம் ஒரு நாணல் கதிர்க்குருவியைச் சுட்டார். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான். அலகு கொஞ்சம் பெரிதாக இருந்தது. தனி இனம் என்று பெயர் வைத்தார். 1905இல் அந்தப் பெயரை ஓரினஸ் என்று மாற்ற வேண்டி வந்தது. அதன் பிறகு அப்படி இன்னொன்றை எவரும் உயிரோடு பார்த்ததாக உறுதியாகவில்லை. ஒற்றைத் தோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம் இரைச்சல்காரக் குருவியின் மாறுபட்ட வடிவம் என்றார்கள், பிளைத் குருவியில் விதிவிலக்கு என்றார்கள், கலப்பினமோ என்றும் சந்தேகப்பட்டார்கள். 2002இல் பென்ஷ், பியர்சன் இருவரும் அந்தத் தோலின் டிஎன்ஏவைப் படித்து, தனி இனமேதான் என்றார்கள். அடுத்த நான்கே ஆண்டில், 2006 மார்ச் 27 அன்று, தாய்லாந்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளங்களுக்குப் பக்கத்தில் பறவை ஆய்வாளர் பிலிப் ரவுண்டு விரித்த வலையில் ஒன்று சிக்கியது. உலகத்தில் யாரும் பார்க்காத பறவை, சாக்கடை நீர் சுத்தமாகும் இடத்தில் பூச்சி பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அப்புறம் தேட ஆரம்பித்தால், இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் பிளைத் குருவி என்று சீட்டு ஒட்டிய தோல்களுக்கு நடுவிலேயே இன்னொன்று. 2009இல் ஆப்கானிஸ்தானின் வாகான் பகுதியில் அவை கோடையில் தங்கும் இடமே கிடைத்தது.

நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் அந்த இனம் பறந்துகொண்டுதான் இருந்தது. பிளைத் குருவி என்று எண்ணப்பட்டதால் கணக்கில் இல்லை. கணக்கில் வந்த பிறகும் அதற்குக் கிடைத்த முத்திரை ‘தரவு போதாது’.

பசிபிக் கடலின் மரியானா தீவுகளில் நடந்தது இன்னும் கசப்பானது. குவாம், சைபன், அகிகுவான், பகான் போன்ற தீவுகளில் பாடிய நாணல் கதிர்க்குருவிகளை ஒரே இனம் என்று வைத்திருந்தார்கள். அருகிவரும் இனம், ஆனால் உயிரோடிருக்கும் இனம். பிறகு டிஎன்ஏ பார்த்தால் தீவுக்குத் தீவு வேறு இனம். அந்த நேரத்துக்குள் குவாம் பறவை போய்விட்டிருந்தது. 1960களின் கடைசிக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அகிகுவான், பகான் தீவுப் பறவைகளும் இல்லை. ஒரே ஒரு திருத்தத்தில், ‘ஆபத்தில் ஓர் இனம்’ என்று இருந்த வரி, ‘மூன்று இனங்கள் அழிந்தன, சைபன் அலமாகன் தீவுகளில் ஒன்று மிச்சம்’ என்று மாறியது. தீவில் எதுவும் புதிதாக நடக்கவில்லை. நடந்து முடிந்தது அப்போதுதான் எண்ணிக்கைக்கு வந்தது.

இப்போது நம் குருவியின் முத்திரைக்கு வரலாம். ஐயுசிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், பறவைகளுக்கான மதிப்பீட்டை பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு செய்கிறது. இரைச்சல் நாணல் கதிர்க்குருவி, பிளைத் குருவி, வயல் கதிர்க்குருவி மூன்றுக்குமே ‘கவலை குறைந்த’ வகை. அந்த மதிப்பீடு சரிதான். எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் அது எதைச் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

ஒரு பறவை ‘அழிய வாய்ப்புள்ள’ நிலைக்குப் போக வேண்டுமானால், பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் எண்ணிக்கை 30 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 50 என்றால் அருகிய நிலை, 80 என்றால் மிக அருகிய நிலை. பரவியிருக்கும் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்கி, துண்டுபட்டு, தேய்ந்துகொண்டும் இருந்தால் அதுவும் ஒரு வழி. முதிர்ந்த பறவைகள் பத்தாயிரத்துக்கும் குறைந்து, மேலும் குறைந்துகொண்டே போவது இன்னொரு வழி. கதிர்க்குருவி மாதிரிச் சின்னப் பறவைக்குத் தலைமுறை என்பது சில ஆண்டுகள்தான், அதனால் பத்தாண்டுக் கணக்கே பொருந்தும். அந்தப் பத்தாண்டில் எகிப்து தொடங்கி இந்தியா வழியாகப் பிலிப்பைன்ஸ் வரை, எல்லா நாணல் காட்டையும் சேர்த்து எண்ணி, அதில் 30 சதவீதம் குறைய வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் முழுக்க ஒரே கோடையில் சம்பு இல்லாமல் போனாலும் அந்தக் கணக்கில் புள்ளிக்குப் பிறகு இரண்டு சுன்னம் தள்ளித்தான் ஏதாவது மாறும். கவலை குறைந்தது என்றால் உலக அளவில் இந்த இனம் அழியும் கவலை குறைவு என்று பொருள். ‘உங்க ஊர்க் கண்மாயில் அடுத்த வருசமும் இருக்கும்’ என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இதைப் புரியாமல் ‘கவலை குறைந்த இனம்தானே’ என்று திட்ட அறிக்கைகளில் ஒற்றை வரியில் தள்ளிவிடுவதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. முத்திரையின் மேல் குறை இல்லை. உலக வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலுக்கு வரப்பு தேடுகிறார்கள்.

நாட்டளவில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை என்ற 2023 அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. 178 இனங்களுக்கு உயர் முன்னுரிமை, 323க்கு நடுத்தரம், 441க்குக் குறைவு. உலக அளவில் கவலை குறைந்த பல பறவைகள் இந்தியாவுக்குள் குறைந்துகொண்டிருப்பதை இது எடுத்துக் காட்டியது. ஆனால் அந்தப் பதிவுகள் எங்கிருந்து வருகின்றன என்றும் பார்க்க வேண்டும். சென்னையிலும் கோவையிலும் விடிந்தால் பத்துப் பேர் பட்டியல் போடுகிறார்கள். முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கு ஆண்டில் இரண்டு முறை ஒருவர் வந்தால் பெரிது. அவரும் சம்புக்குள் தெரியாத குருவியைக் குரல் வைத்துப் பதிவாரா, நிச்சயமில்லாததை விட்டுவிட்டுப் போவாரா என்பது இன்னொரு கேள்வி. பிளைத் குருவியையும் வயல் கதிர்க்குருவியையும் பிரிக்க இறகுகளின் நீளம், அவை குறுகும் இடம் இதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். அதைக் கையில் பிடித்தவர்தான் நிதானமாகச் செய்ய முடியும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வலை விரித்து, வளையம் மாட்டி விடுவதன் அருமை இங்கேதான் தெரியும். கரையில் நிற்கும் நமக்குக் குரல்தான் கதி.

மாவட்டத்தில் பறவைச் சரணாலயங்களுக்குப் பஞ்சமில்லை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை. இவற்றில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டன, தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும் 2025இல் சேர்ந்தன. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்றே சரணாலயம் வந்திருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பட்டியலில் எவையெல்லாம் எண்ணப்படுகின்றன? ராம்சர் அளவுகோல்களில் பறவைக்கென்று இருப்பவை இரண்டு: இருபதாயிரம் நீர்ப்பறவைகள் வழக்கமாகத் தங்க வேண்டும், அல்லது ஒரு நீர்ப்பறவைக் கூட்டத்தின் ஒரு சதவீதமாவது இருக்க வேண்டும். நீர்ப்பறவை என்றால் நாரை, கொக்கு, வாத்து, உள்ளான் வகையறா. நாணலில் பிறந்து நாணலில் சாகும் குருவி, காகமும் சிட்டும் அடங்கிய கிளைப்பறவை வரிசை என்பதால், வழக்கமாக அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை. தைக் குளிரில் நடக்கும் கணக்கெடுப்புகளிலும் தொலைநோக்கி திறந்த தண்ணீரைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். வகைப்பாடு இங்கேயும் புகுந்து விளையாடுகிறது.

சட்டத்திலும் இதே கதைதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய அட்டவணையில் பறவைகள் பெரும்பாலும் கூட்டம் கூட்டமாக, வாத்துகள், கொக்குகள், பூச்சிபிடிப்பான்கள் என்றுதான் எழுதப்பட்டிருந்தன. 2022 திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காக்கி, அறிவியல் பெயரோடு இனம் இனமாக அடுக்கியது. முன்னேற்றம்தான். ஆனால் இந்தக் குருவியை யாரும் வலை வைத்துப் பிடிக்க வருவதில்லை. அதற்கு ஆபத்து அது உட்காரும் தாளுக்கு வருகிற ஆபத்து. அதை எந்த அட்டவணையில் எழுதுவது?

தாளுக்கு என்ன ஆபத்து என்பதைக் கண்மாய் உள்வாய்க்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயைப் பற்றிப் பேசும் ஊர் இது. மழை குறைந்த மண்ணில், வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்கவே கண்மாய்கள் வெட்டப்பட்டன, குருவிக்காக இல்லை. சம்பு மண்டினால் மடை அடைக்கும், வண்டல் தேங்கும், கொள்ளளவு குறையும். விவசாயிக்கு அது களை. அவர் கோணத்தில் அது சரியும்கூட. அதனால் தண்ணீர் வற்றும் பங்குனி, சித்திரையில் சம்பு வெட்டுவார்கள், அல்லது நெருப்பு வைப்பார்கள். தூர்வாரும் ஆண்டில் ஜேசிபி வேரோடு எடுத்துவிடும்.

விட்டால் அந்த இடத்தில் வருவது சீமைக் கருவேலம். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் சோறு. பிளைத் குருவிக்கும் அதில் ஆட்சேபம் கிடையாது, முள்ளுக்குள் பூச்சி கிடைக்கிறது, குளிர்காலம் கழிகிறது. இரைச்சல் குருவிக்கு அது உதவாது. செங்குத்துத் தண்டும் தண்ணீரும் அங்கே இல்லை. ஒரே பேரினம், ஒரே முத்திரை, பக்கத்துப் பக்கத்துப் புதர். கருவேலம் பரவினால் ஒன்றுக்குப் பாதகமில்லை, மற்றதற்கு இடமில்லை. ‘கதிர்க்குருவிகள் நன்றாக இருக்கின்றன’ என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னால் எந்தக் கதிர்க்குருவி என்று நான் கேட்பது இதனால்தான்.

நாணலை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு இராக் சாட்சி. 1990களில் மெசபடோமியச் சதுப்பு நிலங்களை வடித்துக் காயவைத்தபோது, அங்கே கூடு கட்டும் பாஸ்ரா நாணல் கதிர்க்குருவி சரிந்தது. இன்று அது அருகிய இனம். இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு செஷல்ஸ். 1968இல் கசின் என்ற குட்டித் தீவில் மட்டும், முப்பதுக்கும் குறைவாக மிஞ்சியிருந்தது செஷல்ஸ் கதிர்க்குருவி. தென்னந்தோப்பாகக் கிடந்த தீவைப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு விலைக்கு வாங்கி, இயற்கையான புதர்க்காடு திரும்ப வளர விட்டது. குருவி பெருகியது, மற்ற தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், இன்று ஆபத்துப் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது. கூண்டு இல்லை, இனப்பெருக்க மையம் இல்லை, தென்னையைக் குறைத்ததுதான் முக்கிய வேலை.

இங்கே தீவு வாங்க வேண்டாம். கண்மாய் முழுக்கச் சம்பு நிற்க வேண்டும் என்று கேட்பதும் அநியாயம், தண்ணீர் இல்லாத ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். மடை வாயை விட்டு, நீர் ஓடும் தடத்தை விட்டு, எதிர் மூலையில் ஒரு பட்டை நின்றால் போதும் என்பது என் எண்ணம். வெட்டும்போது ஒரே ஆண்டில் முழுக்க வெட்டாமல் பாதி இந்த ஆண்டு, பாதி அடுத்த ஆண்டு என்று மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் நாணல் காடுகளைப் பராமரிக்கிறவர்கள் செய்வது இதுதான், நம் ஊரில் கோரை அறுக்கிறவர்களுக்கும் புதிதாகத் தோன்றாது.

பங்குனியில் அதே கண்மாய்க்குத் திரும்பப் போனேன். தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடந்தது. மடைப் பக்கச் சம்பு கருகி, தரையோடு தரையாக இருந்தது. நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் கரை மேட்டில் உட்கார்ந்திருந்தார். குருவிச் சமாசாரத்தை, மேலே எழுதிய லத்தீன் எல்லாம் இல்லாமல், சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்மாயைப் பார்த்தார்.

“மடைப் பக்கம் விட முடியாது, தம்பி. தண்ணி வராதுன்னு ஊரே சண்டைக்கு வரும்.” பிறகு கையை நீட்டி, கரை வளைந்து முடிகிற இடத்தைக் காட்டினார். “அந்தக் கலுங்கு ஓரம் பள்ளம். அங்க இருக்கறத எவனும் கேக்க மாட்டான். நிக்கட்டும்.”